கணக்கு முடியலியே

கொத்தடிமைகளைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "ஓடி வந்துட வேண்டியதுதானே?" நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான். என் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டில் ஒரு பண்ணையில் படியாளாக, அதாவது தானியக் கூலிக்குக் கட்டுண்ட பண்ணையாளாக இருந்தவர். ஒரு ராத்திரி சொல்லாமல் கிளம்பி கோலார் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தவர். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அவர் ஓடினாரே, இவர்களுக்கு என்ன என்று எனக்குள் ஒரு திமிர் இருந்தது.

அந்தத் திமிர் போன இடம் பெங்களூருக்கு வெளியே ஒரு வருவாய்த்துறை அலுவலகம். சில வருஷங்கள் ஆகிவிட்டன. செங்கல் சூளை ஒன்றிலிருந்து ஐந்தாறு குடும்பங்களை மீட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். எல்லோரும் திருவண்ணாமலைப் பக்கத்து இருளர்கள். விசாரிக்க வேண்டிய அதிகாரிக்குத் தமிழ் வராது, அவர்களுக்குக் கன்னடம் வராது. தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டதால் நடுவில் நின்று மொழிபெயர்க்கப் போயிருந்தேன்.

அதிகாரி நல்ல மனுஷர்தான். பொறுமையாகக் கேட்டார். "யாராதரூ ஹொடெத்ரா?" யாராவது அடித்தார்களா? இல்லை. பூட்டி வைத்தார்களா? சூளைக்கு ஏது கதவு? சந்தைக்குப் போக விடுவார்களா? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒருவர் போகலாம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை, பூட்டவில்லை, சந்தைக்கும் விடுகிறார்கள். இவர்களைக் கொத்தடிமை என்று நான் எப்படி எழுதுவது?

மொழிபெயர்க்க வந்தவன் சொந்தமாகக் கேள்வி கேட்கக் கூடாதுதான். ஆனாலும் கேட்டுவிட்டேன். "ஏம்மா, அப்ப ஊருக்குப் போகணும்னா போயிடலாம்ல?" அந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும், மடியில் பேரப்பிள்ளை. நான் ஏதோ விவரம் தெரியாதவன் மாதிரி என்னைப் பார்த்தார். "எப்பிடிண்ணா போவ முடியும்? கணக்கு முடியலியே."

கணக்கு என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். சூளை வேலைக்கு மேஸ்திரி ஆள் பிடிக்க வரும்போது கையில் பணத்தோடு வருவார். அது சம்பளம் இல்லை, முன்பணம். பெண்ணுக்குக் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, சாவுக் காரியம், பழைய கடன் என்று வீட்டில் ஏதோ ஒன்று இருக்கும் சமயம் பார்த்து வருவார். வாங்குபவருக்கு பேங்கில் ஒரு ரூபாய் கடன் கிடைக்காது. அடகு வைக்க நகை இருக்காது. அவரிடம் இருப்பது உழைப்பு ஒன்றுதான், அதை வைக்கிறார்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். முன்பணம் 40,000 ரூபாய். புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் சேர்ந்து நாளைக்கு ஆயிரம் கல் அறுக்கிறார்கள். ஆயிரத்துக்கு 700 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாளைக்கு 4,200. அதில் வாரச் செலவுக்கு என்று 1,500 கையில் தருகிறார்கள், மீதி 2,700 கடனில் கழிய வேண்டும். பதினைந்து வாரத்தில் கடன் தீர்ந்துபோக வேண்டும். சூளை ஆறு மாதம் ஓடும். மிச்ச வாரங்களின் கூலியாகக் கிட்டத்தட்ட முப்பதாயிரத்தை மடியில் கட்டிக்கொண்டு அந்தக் குடும்பம் ஊருக்குப் போக வேண்டும்.

அப்படி நடப்பதில்லை. இடையில் மழை பெய்யும், அறுத்த கல் கரையும். கரைந்த கல்லுக்குக் கூலி கிடையாது. உடைந்த கல்லும் கழிவு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்துச் செலவு கடனில் ஏறும். கல்லை எண்ணுவது ஓனரின் ஆள். நோட்டில் எழுதுவதும் அவரேதான். சீசன் முடிவில் நோட்டைத் திறந்து, இன்னும் இருபத்தையாயிரம் பாக்கி, அடுத்த வருஷம் வந்து கழித்துவிடு என்பார்கள். மறுக்க வேண்டுமென்றால் எழுதி வைத்த கணக்கு தன்னிடம் இருக்க வேண்டும். இருக்கும் ஒரே நோட்டு அவர்களிடம். ஊரில் மழைக்காலம் முழுக்க வேலை கிடையாது. திரும்பவும் மேஸ்திரியிடம் கை நீட்ட வேண்டும், பாக்கியோடு புதுக்கடனும் சேரும்.

இந்த நோட்டை யோசிக்கும்போதெல்லாம் எனக்குத் திருவெண்ணெய்நல்லூர்தான் ஞாபகம் வரும். கல்யாணப் பந்தலில் வந்து நின்ற கிழவர், மாப்பிள்ளையான சுந்தரரைத் தன் அடிமை என்கிறார். ஆதாரமாக ஓர் ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். ஊர்ச் சபையில் கிழவர் நிதானமாகச் சொல்கிறார்: நீ கிழித்தது படி, மூல ஓலை என்னிடம் இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்தது சுந்தரரின் பாட்டனார். தானும் தன் வழிவந்தவர்களும் அடிமை என்று எழுதியிருக்கிறார். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து சபையும் ஒத்துக்கொள்கிறது. வந்தவர் சிவபெருமான் என்பதால் அது பக்திக் கதையாகிவிட்டது. அந்தச் சபை எப்படி வேலை செய்தது என்று மட்டும் பாருங்கள். பாட்டன் கையெழுத்துக்குப் பேரன் கட்டுப்பட்டவன் என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கையெழுத்து நிஜமா என்பது மட்டும்தான் பிரச்சினை.

கொத்தடிமை என்ற சொல்லிலும் அதுதான் இருக்கிறது. கொத்தாக, குடும்பத்தோடு அடிமைப்படுவது. கன்னடத்தில் இதற்கு ஜீத என்று பெயர், அடிமைப்பட்டவர் ஜீததாளு. அதே சொல் தெலுங்கில் ஜீதம், அதாவது மாதச் சம்பளம்! பெங்களூரில் எங்கள் தெருவில் மூன்று மொழியும் புழங்கும். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் "ஜீதம் வந்துவிட்டது" என்று சந்தோஷமாகச் சொன்னால், பக்கத்துவீட்டுக் கன்னடக்காரருக்கு அது வேறு மாதிரி கேட்கும். கூலிக்கும் அடிமைத்தனத்துக்கும் நடுவே உள்ள கோடு எவ்வளவு மெல்லிசு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

சட்டம் இந்தப் பக்கம் வந்த கதை நீளமானது. 1843ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி ஒரு சட்டம் போட்டது. அது அடிமை வைத்திருப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. "இவன் என் அடிமை" என்று யாராவது வந்தால் கோர்ட்டும் அதிகாரிகளும் அந்த உரிமையை ஏற்கக் கூடாது என்றது, அவ்வளவுதான். மனிதரை அடிமையாக விற்பதும் வாங்குவதும் குற்றமானது 1860ல் எழுதிய தண்டனைச் சட்டத்தில். நடுவில் 1859ல் இன்னொரு சட்டம் வந்ததைப் பலர் சொல்வதில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போகும் தொழிலாளியை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். வேலை செய், இல்லை பணத்தைக் கட்டு என்று அவர் உத்தரவு போடுவார். மீறினால் மூன்று மாதம் வரை ஜெயில். ஒரு கையால் அடிமை ஓலையைச் செல்லாததாக்கிவிட்டு, மறு கையால் முன்பண நோட்டுக்கு அரசாங்க முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி இருந்தது. இது ரத்தானது 1925ல்தான்.

என் கொள்ளுத்தாத்தா ஓடியது அந்தச் சட்டம் உயிரோடு இருந்த காலத்தில். அவரால் எப்படி முடிந்தது?

கோலாரில் ஜான் டெய்லர் கம்பெனி 1880களில் தங்கம் எடுக்கத் தொடங்கியது. பூமிக்குள் இறங்க ஆள் வேண்டும், ஆயிரக்கணக்கில் வேண்டும். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் சேரிகளைச் சேர்ந்தவர்கள். தாது வருஷப் பஞ்சத்தின் காயம் ஆறாத காலம் அது. சுரங்கத்தில் கூலி காசாகக் கிடைத்தது. படியாளுக்குப் பண்ணையில் படி நெல்லோ கேழ்வரகோ அளந்து போடுவார்கள். அளக்கும் படியும் அவர்களுடையது. காசு அப்படியில்லை, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். தவிர, கோலார் மைசூர் சமஸ்தானம். வட ஆற்காட்டுப் பண்ணையாரின் கை அங்கே சுலபத்தில் எட்டாது. ஆயிரம் பேர் ஒரே மாதிரி இருக்கும் வரிசை வீடுகளில் ஓர் ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது. அவர் சூரர் என்பதால் தப்பவில்லை. போய்ச் சேர ஓர் இடம் இருந்தது, அந்த இடத்துக்கு அவர் தேவைப்பட்டார், அவரைத் தேடி வந்தவர்களுக்கு அங்கே செல்வாக்கு இல்லை. மூன்றும் ஒன்றாக அமைந்தன.

அது சொர்க்கம் இல்லை. மூங்கில் தட்டி வீடு, பாறை வெடிப்பு, நுரையீரலில் கல் தூசி. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. சாதியும் அவர்களோடு ரயில் ஏறி வந்தது. இருந்தும் பண்ணையில் நினைத்துப் பார்க்க முடியாத சில காரியங்கள் அங்கே நடந்தன. சாதியை எதிர்த்துப் பௌத்தத்துக்கு மாறிய அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு 1900களின் தொடக்கத்திலேயே தங்கவயலின் மாரிக்குப்பத்தில் கிளை வந்துவிட்டது. அவர் மறைந்து பத்து வருஷத்துக்கும் மேல் கழித்து, அவர் நடத்திய தமிழன் பத்திரிகையை, அவர் வழிவந்த அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மறுபடி கொண்டுவந்தார். 1930ல் தொழிலாளிகளிடம் கைரேகை எடுக்கும் ஏற்பாட்டை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவர் அடுத்த சுரங்கத்தில் சேரவே முடியாமல் போய்விடும் என்பது அவர்கள் பயம். இடம் மாறும் சுதந்திரத்துக்காகத்தான் அவர்கள் அங்கே வந்தார்கள். அதைக் கைரேகையில் விட்டுக்கொடுப்பார்களா? சுரங்கம் 2001ல் மூடியது. இப்போது அந்தப் பேரப்பிள்ளைகள் விடிகாலை ரயிலில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள்.

சூளைக் குடும்பத்துக்கு அந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது. மேஸ்திரி அந்நியர் அல்ல. பெரும்பாலும் சொந்தக்காரர், ஒரே ஊர்க்காரர். ராத்திரி சூளையை விட்டுக் கிளம்பி, ஓசூர் பஸ்ஸைப் பிடித்து, கிருஷ்ணகிரி வழியாக ஊர் போய்ச் சேர்வதற்குள் மேஸ்திரிக்குப் போன் போயிருக்கும். இவர்கள் வீட்டு வாசலில் அவர் உட்கார்ந்திருப்பார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, ஓனரிடம் அவர் பெயரிலும் கணக்கு இருக்கும். ஆதார் அட்டை சூளை ஆபீஸில் மாட்டிக்கொண்டிருக்கும். தம்பி குடும்பம் இன்னும் சூளையில் இருந்தால் பாக்கி அவர்கள் தலையில் ஏறும். இப்போது அந்த "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒருவர்" என்பதை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். சந்தைக்குப் போனவர் திரும்பி வருவதற்கு மிச்சப் பேர்தான் ஜாமீன்.

எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொன்று இருக்கிறது. வாங்கின கடனைக் கொடுக்காமல் போவது கேவலம் என்று அவர்கள் மனசார நம்புகிறார்கள். கடன் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழி கிடையாது.

சட்டம் கை வைக்க வேண்டியது இந்த இடத்தில்தான், வைத்திருக்கவும் செய்கிறது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை நிதானமாகப் படித்தால், எழுதியவர்களுக்கு இந்த நோட்டு விவகாரம் நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பது புரியும். அடித்தார்களா, பூட்டினார்களா என்று அது கேட்கவே இல்லை. முன்பணத்துக்காகவோ பரம்பரைக் கடமை என்றோ ஒருவர் வேலை செய்கிறார். அதனால் குறைந்தபட்சக் கூலி கிடைக்காமல் போகிறது, அல்லது வேறு வேலைக்குப் போகும் உரிமை போகிறது, அல்லது விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமை போகிறது, அல்லது தன் உழைப்பை மார்க்கெட் விலைக்கு விற்கும் உரிமை போகிறது. நான்கில் ஒன்று இருந்தாலே போதும். அந்த அலுவலகத்தில் கூட வந்திருந்த வழக்கறிஞர் இந்தப் பிரிவைத்தான் எடுத்துக் காட்டினார். "கணக்கு முடியலியே" என்ற வாக்கியத்தைக் கன்னடத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அதுவே சாட்சியம் என்றார். அதிகாரி பேனாவைத் திரும்பத் திறந்தார்.

ஆறாவது பிரிவு கொத்தடிமைக் கடன் முழுவதையும் ரத்து செய்கிறது. குறைப்பது, தவணை போடுவது எல்லாம் இல்லை, கடனே இல்லை. ஒன்பதாவது பிரிவு எனக்கு ரொம்பப் பிடித்தது. ரத்தான கடனுக்காகப் பணம் வாங்குவதே குற்றம், மூன்று வருஷம் வரை தண்டனை. கடன்பட்டவர் தானாக முன்வந்து நீட்டினாலும் கடன் கொடுத்தவர் கை நீட்டி வாங்கக் கூடாது. மானத்துக்குப் பயந்து விடுதலைக்குப் பிறகும் கட்டுகிற ஏழைகள் உண்டு என்பது தெரிந்துதான் இப்படி எழுதியிருக்கிறார்கள். பதினைந்தாவது பிரிவின்படி, இது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர் பொறுப்பு. நோட்டு யாரிடம் இருக்கிறதோ அவரே நிரூபிக்கட்டும் என்கிறது சட்டம். திருவெண்ணெய்நல்லூர் சபை அன்று பார்த்தது கையெழுத்தை. இந்தச் சட்டம், கையெழுத்து நிஜமாகவே இருந்தாலும் அந்த ஓலை செல்லாது என்கிறது.

டெல்லியில் நடந்த இரண்டு வழக்குகள் இதற்கு வலு சேர்த்தன. 1982 ஆசிய விளையாட்டுக்காக அங்கே கட்டடங்கள் எழும்பியபோது, குறைந்தபட்சக் கூலியான 9.25 ரூபாயில் ஒரு ரூபாயை, ஆள் பிடித்துத் தரும் ஜமேதார்கள் கமிஷனாகப் பிடித்துக்கொண்டு தொழிலாளிகளுக்கு 8.25 கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் இதை அரசியல் சட்டத்தின் 23வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்றது. ஒருவரை வேலைக்குக் கட்டாயப்படுத்துவது அடி உதை மட்டுமல்ல, பசியும் வறுமையும் கூடத்தான் என்று நீதிபதி பகவதி எழுதினார். அடுத்த வருஷம் ஃபரிதாபாத் கல்குவாரிகள் பற்றி, கொத்தடிமைகளின் விடுதலைக்காகப் பாடுபடும் பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு போட்ட வழக்கு. தொழிலாளிகள் முன்பணம் வாங்கியதை நிரூபித்தால்தான் கொத்தடிமை என்று அரசுத் தரப்பு வாதாடியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எதைக் காட்டி நிரூபிப்பார்கள்? கட்டாய உழைப்பு என்று தெரிந்தாலே பின்னால் முன்பணம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது தீர்ப்பு.

இவ்வளவு இருந்தும் எண்ணிக்கையைப் பார்த்தால் சோர்வுதான் வரும். 1995ல் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, தமிழ்நாட்டில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் கொத்தடிமைகள் இருப்பதாகச் சொன்னது. 2030க்குள் 1.84 கோடிப் பேரை விடுவிப்பதாக 2016ல் மத்திய அரசு சொன்னது. 1978 தொடங்கி நாடு முழுக்க அரசுக் கணக்கில் விடுவிக்கப்பட்டவர்கள் மூன்று லட்சத்துச் சொச்சம் பேர். தண்டனையோ, அதிகபட்சம் மூன்று வருஷ ஜெயிலும் 2,000 ரூபாய் அபராதமும். 1976ல் அது பெரிய தொகைதான். இன்று அது மேற்சொன்ன கணக்கில் ஒரு வாரப் பிடித்தம்கூட இல்லை. (2024ல் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும், அடிமைகளை வாங்கி விற்பதை வழக்கமாகக் கொண்டவர்களுக்கு 145வது பிரிவு இருக்கிறது. பழைய சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் காட்டலாம்.)

அப்புறம், மீட்கப்பட்ட குடும்பத்துக்கு என்ன ஆகிறது? எல்லாம் ஒரு தாளில் நிற்கிறது. மாவட்ட மாஜிஸ்திரேட்டோ அவர் கீழுள்ள வருவாய் அதிகாரியோ கையெழுத்துப் போட்டுத் தரும் விடுதலைச் சான்றிதழ். அது கையில் இருந்தால் கடன் ரத்துக்கு ஆதாரம் இருக்கிறது. உடனடி உதவித்தொகை வரும்; 2016 திட்டத்தில் இருபதாயிரம், பிறகு முப்பதாயிரமாக உயர்த்தினார்கள். முழு மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடுமையான நிலையிலிருந்து மீண்டவர்களுக்கு மூன்று லட்சம். ஆனால் இந்தப் பெரிய தொகையை வழக்கு முடிவோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். வழக்கு நடப்பது கர்நாடகத்தில், குடும்பம் இருப்பது தமிழ்நாட்டில். சாட்சி சொல்ல வர ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும். இரண்டு தடவை வருவார்கள், மூன்றாம் தடவை வர மாட்டார்கள். சான்றிதழ் இல்லாமல் வெறுமனே பஸ் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் அடுத்த சீசனில் வேறொரு சூளையில் இருப்பார்கள். மேஸ்திரிக்கு அது ஓடிப்போனவர்கள் கணக்கில்தான் வரும்.

அன்று சாயந்திரம் ஏழு மணிக்குச் சான்றிதழ்கள் தயாராயின. வெளியே வேன் நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மா தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முழுக்கக் கன்னடம்.

"இத காட்டுனா அவரு நோட்டு செல்லாதாண்ணா?"

"செல்லாதும்மா."

"எங்க ஊர்ல இத யாரு படிப்பாங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் ஊர் வி.ஏ.ஓ.வுக்குக் கன்னடம் தெரிந்திருக்க நியாயமில்லை, மேஸ்திரிக்கும் தெரியாது. டைப்பிஸ்ட்டிடம் ஆறு வெள்ளைத்தாள் வாங்கி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு சான்றிதழுக்கும் தமிழில் எழுத ஆரம்பித்தேன். "இவர் வாங்கிய கடன் சட்டப்படி ரத்து செய்யப்பட்டது" என்ற வரி வந்ததும் அவர் என்னை நிறுத்தி, அதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார்.